கிழிப்பதற்கு முன் ஒட்டுப்போடப் பழகுங்கள்: பாழான எதிர்காலக் கதைக்கு உடை செய்யும் வழி

டிஸ்டோப்பியன், அதாவது பாழான எதிர்கால உலகத்தில் நடக்கிற, குறும்படம் எடுக்கிறோம், உடைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: உங்கள் கதை நடக்கிற ஊரில் எது தீர்ந்துபோய்விட்டது? தண்ணீரா, மின்சாரமா, பருத்தியா, வெயிலா? "எல்லாமே அழிஞ்சிடுச்சு" என்று பதில் வந்தால் அந்தக் கதைக்கு இன்னும் உடை யோசிக்க முடியாது. ஏதோ ஒன்று தீர்ந்திருக்கிறது, அது யாரோ சிலரிடம் மட்டும் மிச்சமிருக்கிறது, இல்லாதவனுக்கும் இருக்கிறவனுக்கும் நடுவில்தான் கதை ஓடும். உடையும் அங்கிருந்துதான் வரும்.

தண்ணீர் தீர்ந்த ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் துணி துவைக்க மாட்டார்கள். துவைக்காத துணியில் எண்ணெயும் வியர்வையும் புழுதியும் ஏறி ஏறிக் காலரும் கைமடிப்பும் தோல் மாதிரி கெட்டியாகிவிடும், வெயில் படுகிற தோள்பட்டை மட்டும் வெளுத்துப்போகும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் அழுக்கில்லாத வெள்ளைத் துணியில் வந்து நின்றால் போதும், தண்ணீர் யார் வீட்டில் இருக்கிறது என்று வசனமே இல்லாமல் தெரிந்துவிடும். 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' படத்தில் இதைத்தான் செய்திருக்கிறார்கள். தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் இம்மார்ட்டன் ஜோவின் ஐந்து மனைவிகளும் வெள்ளை மெல்லிய துணியில் இருப்பார்கள், மற்ற எல்லாரும் புழுதியிலும் கிரீஸிலும் ஊறிப்போயிருப்பார்கள். அந்தப் படத்தின் உடை வடிவமைப்பாளர் ஜென்னி பீவனுக்கு 2016இல் ஆஸ்கர் கிடைத்தது. அவர் அதற்கு முன்பு பெயர் வாங்கியது பெரும்பாலும் பழைய இங்கிலாந்துக் காலக் கதைகளில். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய ஆளுக்கு உடை தைப்பதும் நூறு வருஷம் கழித்து வரப்போகிற ஆளுக்கு உடை தைப்பதும் ஒரே வேலைதான், அவன் கைக்கு எட்டிய பொருள் என்ன என்று தேடுகிற வேலை.

அதே படத்தில் ஜோவுக்கு உடை மாட்டிவிடும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். புண் பிடித்த முதுகில் பவுடர் பூசுகிறார்கள், அதன் மேல் தசை தசையாக வார்த்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவசத்தை வைத்து மூடுகிறார்கள், கவசத்தில் பதக்கங்கள் தொங்குகின்றன. அழுகிப்போன உடம்பு, அதை மறைக்கிற பொய் உடம்பு, அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேலைக்காரர்கள். ஆள் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் அவனுடைய ஆட்சி எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் படத்தில் எல்லாருக்கும் இவ்வளவு யோசிக்க முடியாது, சரி, ஆனால் முக்கியமான இரண்டு பேருக்காவது இந்த அளவுக்கு யோசியுங்கள்.

கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

நான் முதன்முதலாக இப்படி ஒரு படத்துக்கு உதவியாளராகப் போனபோது புதுச் சட்டைகளை மொத்தமாக வாங்கி, முழங்கையிலும் முதுகிலும் கத்தரிக்கோலால் கிழித்து, பழுப்புப் பெயின்டைத் தெளித்து, ஒரே மதியத்தில் இருபது பேருக்கு உடையை முடித்துவிட்டேன். நேரில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மானிட்டரில் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பாக்கெட்டில் மடித்து வந்த புதுத்துணியின் கோடு அப்படியே தெரிந்தது, கிழிசல் எல்லாம் நேர்கோடு, பெயின்ட் புள்ளிகள் எல்லாருக்கும் ஒரே உயரத்தில். அந்த இருபது பேருக்கும் நேற்று என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. துணி கிடைக்காத உலகத்தில் இருக்கிற சட்டையை எவனும் கிழிய விடமாட்டான். நம் வீடுகளிலேயே பார்த்திருப்போம், சேலை நைந்தால் தூளி ஆகும், தூளி நைந்தால் அடுப்படியில் கரித்துணி ஆகும், அதுவும் போனால் வாசலில் மிதியடி. இல்லாதவர்கள்தான் ஊசியும் நூலும் கையுமாக இருப்பார்கள். அதனால் பாழான உலகத்துச் சட்டை என்றால் கிழிசலை விட ஒட்டுதான் அதிகம் தெரிய வேண்டும். எங்கே ஒட்டு, யார் போட்டது, என்ன துணியில் போட்டது, கை தேர்ந்த தையலா, அவசரத் தையலா, இவற்றிலிருந்துதான் அந்த ஆள் யார் என்று தெரியும். தையல் தெரியாத ஒரு அப்பன் மகளுடைய சட்டைக்குப் போட்ட ஒட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், காட்சியே வந்துவிடும்.

ஒரு சட்டையை முழுசாகச் செய்து பார்ப்போம்

ஆள் இவன்: தண்ணீர் வண்டி இழுக்கிறவன், கயிற்றை வலது தோளில் போட்டு இழுப்பான், வயது நாற்பது. இதை எழுதி சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி செய்கிற ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டு வரியிலிருந்துதான் வரும்.

சட்டையைப் புதிதாக வாங்க வேண்டாம். பழைய துணி விற்கிற இடத்தில் முழுக்கைக் கெட்டிப் பருத்திச் சட்டையாகப் பாருங்கள். பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் உள்தையலில் இருந்து ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி, உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் பாலியெஸ்டர். பாலியெஸ்டர் நமக்கு ஆகாது. டீ, கடுக்காய் எதையுமே ஒழுங்காகப் பிடிக்காது, தேய்த்தாலும் லேசில் நையாது, நெருப்புக் காட்சி இருந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், ஆபத்து.

முதலில் வென்னீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு மூன்று முறை அலசி எடுங்கள். கஞ்சி போகாத துணியில் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். பிறகு டீ. நான்கு லிட்டர் தண்ணீரில் கைநிறைய மலிவு டீத்தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, கொஞ்சம் படிகாரம் கரைத்து, ஈரச் சட்டையை அதில் அமுக்கி ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருங்கள். வெள்ளையும் வெளிர் நிறமும் கேமராவில் கண்ணைக் குத்தும், டீ அதை அடக்கிவிடும். இன்னும் கறுக்க வேண்டுமா, துணியில் கையால் ஓவியம் வரையும் கலம்காரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதைச் செய்யுங்கள்: துருப்பிடித்த ஆணி, வெல்லம், தண்ணீர் மூன்றையும் ஒரு பானையில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க வைத்து வடிகட்டினால் கிடைக்கிற தண்ணீர், கடுக்காயோ டீயோ ஏறிய துணியில் பட்டதும் கண் முன்னாலேயே சாம்பலாகி, கறுப்பாகும். துணியில் இருக்கிற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்வதால் வரும் கறுப்பு இது. கடைச் சாயத்துக் கறுப்பு மாதிரி தட்டையாக இருக்காது, அங்கங்கே ஆழம் தெரியும், எனக்கு மிகவும் பிடித்த நிறம். இரும்பு நாளாக நாளாகத் துணியை அரித்துவிடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வெயில். நிஜ வெயிலில் வெளுக்க மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவு நேரம் யாருக்கும் இருக்காது. திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, தோள், மேல்முதுகு, காலரின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் மட்டும் தூரத்திலிருந்து புகை மாதிரி அடியுங்கள், முதலில் ஒரு துண்டுத் துணியில் சோதித்துப் பார்த்துவிட்டு. வேண்டிய அளவுக்கு வெளுத்ததும் உடனே நன்றாக அலசி, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும், குளோரினை முறிக்கிற உப்பான ஹைப்போவைக் கரைத்த தண்ணீரில் ஒருமுறை முக்குங்கள், இல்லாவிட்டால் பிளீச் துணியைத் தின்றுகொண்டே இருக்கும், ஷூட்டிங் நடுவில் தோள் பிய்ந்துவரும். பட்டிலும் கம்பளியிலும் பிளீச் படவே கூடாது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பக்கத்தில் கூட வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் விஷ வாயு வரும். கையுறை போட்டு மொட்டைமாடியிலோ திறந்த இடத்திலோ செய்யுங்கள்.

இப்போது நடிகரைக் கூப்பிட்டுச் சட்டையைப் போடச் சொல்லி, கயிற்றைக் கொடுத்து, வண்டியை உண்மையாகவே இழுக்கச் சொல்லுங்கள். சுண்ணக்கட்டியோடு பக்கத்தில் நின்று, கயிறு எங்கே உரசுகிறது, முழங்கை எங்கே மடிகிறது, கையை எங்கே துடைக்கிறார் என்று பார்த்துப் பார்த்துக் குறியுங்கள். இந்தப் பத்து நிமிஷத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நானாக யோசித்திருந்தால் வலது தோளின் மேலே மட்டும் நைய வைத்திருப்பேன். இழுக்கச் சொல்லிப் பார்த்தால் கயிறு மார்புப் பையின் ஓரத்தையும் சேர்த்துத் தேய்க்கும், முன்னால் குனிகிறவனுக்கு முதுகுத் தையல் இறுகும், இடது கையால் தொடையில் வியர்வையைத் துடைப்பான்.

குறித்த இடங்களைச் செங்கல் மேலோ மரக்கட்டை மேலோ போட்டு உப்புத்தாள், கம்பி பிரஷ், பழைய கேரட் துருவி இவற்றால் தேயுங்கள். ஓரங்களை முதலில் தேயுங்கள்: காலர் மடிப்பு, கைமடிப்பு, பை வாய், பட்டன் பட்டி. எந்தத் துணியும் அங்கேதான் முதலில் நையும். சட்டையை நனைத்து, பைகளில் கூழாங்கல் போட்டு ஹேங்கரில் தொங்கவிட்டுக் காயவிட்டால் பை தொங்கிப்போய், வருஷக்கணக்கில் எதையோ சுமந்த பை மாதிரி ஆகிவிடும்.

தேய்த்துத் தேய்த்து வலது தோள் ஓட்டை விழுந்ததா? நல்லது, இப்போது ஒட்டு. அந்த ஊரில் என்ன கிடைக்கும்? சைக்கிள் டியூப் கிடைக்கலாம், பிளாஸ்டிக் சாக்கு கிடைக்கலாம், பழைய பேனர் கிடைக்கலாம். கயிறு உரசுகிற இடம் என்பதால் நான் டியூபைத்தான் வெட்டி வைப்பேன், கெட்டி நூலால், நிறம் பொருந்தாத நூலால். பட்டன் ஒன்று போயிருக்கும், அந்த இடத்தில் கம்பியை வளைத்து மாட்டுங்கள். ஒட்டுப் போட்டதோடு நிறுத்தாமல் அந்த ஒட்டையும் உப்புத்தாளால் தேயுங்கள், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சட்டைக்குப் பத்து வயது, ஒட்டுக்கு மூன்று வயது, அதன் பக்கத்தில் இன்னொரு சின்ன ஒட்டுக்கு மூன்று மாசம். இந்த வயது வித்தியாசம் தெரிந்தால்தான் சட்டைக்கு உயிர் வரும்.

கறை கடைசியில்தான். அக்குளுக்கும் முதுகுக்கும் பழுப்பு அக்ரிலிக் பெயின்டைத் தண்ணீராகக் கரைத்து, ஈரத் துணியில் தடவி, ஓரம் தானாகப் பரவிக் காய விடுங்கள். கிரீஸுக்கு நிஜ எஞ்சின் ஆயில் வேண்டாம், நாறும், தோல் அரிக்கும். கறுப்பும் பழுப்பும் கலந்த பெயின்டை ஸ்பாஞ்சால் ஒற்றி, காய்ந்ததும் மெழுகுவர்த்தியை மேலே தேய்த்தால் அந்தப் பிசுபிசுத்த பளபளப்பு வரும். சேறு எப்போதும் கீழிருந்து மேலே ஏறும், புழுதி மேலிருந்து கீழே இறங்கும், இந்த இரண்டையும் மாற்றிவிடாதீர்கள். சினிமாவில் புழுதிக்குப் பயன்படுத்தும் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்பது நாம் முகத்தில் பூசும் முல்தானி மட்டிதான், மலிவாகவே கிடைக்கும். ஆனால் அதன் வெளிர் நிறம் லொகேஷன் மண்ணோடு ஒட்டாவிட்டால் மாவு கொட்டினது மாதிரி தெரியும், அதனால் ஷூட்டிங் நடக்கப்போகிற இடத்து மண்ணையே ஒரு சாக்கு அள்ளிவந்து, துணியில் சலித்து, இரண்டையும் கலந்து அடியுங்கள். அடிக்கும்போது நீங்களும் நடிகரும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், நுண்ணிய புழுதி நுரையீரலுக்கு ஆகாது.

எதிர்காலம் என்று எப்படித் தெரியும்?

வெள்ளி நிற ஜாக்கெட்டும் எல்இடி விளக்கும் போட்டால் எதிர்காலம் ஆகிவிடாது. பெரும்பாலும் கடந்த காலத்தில் ஒன்றைப் பிடித்து அதைக் கொஞ்சம் திருப்புவதுதான் வேலை செய்கிறது. 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' 2019இல் நடக்கிற கதை. அதில் நாயகி ரேச்சல் போட்டு வருவது 1940களின் ஹாலிவுட் படங்களில் வந்த, தோளில் பேட் வைத்துத் தூக்கிய சூட். மைக்கேல் கப்லனும் சார்ல்ஸ் நோடும் செய்த அந்த உடைகளுக்கு பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருது கிடைத்தது. நாற்பது வருஷம் தாண்டியும் இன்னும் பழசாகாமல் இருக்கிறதென்றால், அன்றைக்கே அது பழசாக இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும், காசும் ஆகாது. 2006இல் வெளிவந்த 'சில்ட்ரன் ஆஃப் மென்' 2027இல் நடக்கும் கதை. நாயகன் ஒரு இடத்தில் வெளுத்துப்போன லண்டன் 2012 ஒலிம்பிக்ஸ் ஸ்வெட்ஷர்ட்டில் இருப்பான். படம் பார்த்தவர்களுக்கு அந்த ஒலிம்பிக்ஸ் இன்னும் நடக்கவே இல்லை, கதையிலோ அது நடந்து முடிந்து நைந்துபோன பழங்கதை. ஒரே ஒரு பனியனில் பதினைந்து வருஷம் கடந்துவிட்டது. உங்கள் கதை 2070 என்றால் 2045 ஆண்டு விளையாட்டு விழா என்று பாதி உரிந்த எழுத்தோடு ஒரு பனியன் அச்சடித்துக்கொள்ளுங்கள், பிறகு மேலே சொன்னபடி அதை நையுங்கள்.

'தி மேட்ரிக்ஸ்' படத்தையும் இதற்காக ஒருமுறை பாருங்கள். பொய்யான உலகத்தில் பளபளக்கிற கறுப்பு, கப்பலில் நிஜ வாழ்க்கையில் ஓட்டை விழுந்த கம்பளி ஸ்வெட்டர். எது நிஜம் என்று துணியே சொல்லிவிடுகிறது.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் கூட்டத்துக்கும்

அதிகாரத்தில் இருப்பவருக்குக் கறுப்பு லெதர் கோட் மாட்டுவது எல்லாரும் செய்வது. உங்கள் உலகத்தில் தீர்ந்துபோனது எதுவோ அதை அவர் உடம்பில் வீணடியுங்கள். துணிதான் பஞ்சம் என்றால் தரையில் இழுபடுகிற மாதிரி தேவைக்கு மேல் துணி. தண்ணீர் பஞ்சம் என்றால் தினமும் துவைத்து இஸ்திரி போட்ட வெளிர் நிறம். நல்ல டெய்லரிடம் கொடுக்கிற காசை இவருக்கே செலவிடுங்கள், அளவு கச்சிதமாக உட்கார வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் எல்லாரும் அடுத்தவன் சட்டையைத்தான் போட்டிருப்பார்கள்.

கூட்டத்துக்கு வருகிறவர்களை அவரவர் வீட்டுப் பழைய பருத்தித் துணியைக் கொண்டுவரச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே சாய அண்டாவில் முக்கி எடுங்கள். மஞ்சள், பச்சை, கட்டம் எல்லாமே ஒரு சாயலுக்கு வந்துவிடும், ஆனாலும் ஒவ்வொன்றும் வேறாகத் தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் பத்துப் பேருக்கு மட்டும் ஒட்டு வேலை செய்தால் போதும்.

செருப்பை மறக்காதீர்கள். மற்றதெல்லாம் சரியாக இருந்து காலில் புது ஸ்போர்ட்ஸ் ஷூ தெரிந்தால் எல்லாம் வீண். நம் ஊர் டயர் செருப்பு இந்த மாதிரிக் கதைக்காகவே செய்தது போல இருக்கும். கண்ணாடியும் முகமூடியும் மாட்ட ஆசை வரும், ஆனால் கண்ணை மறைத்தால் நடிப்பு போய்விடும், லைவ் சவுண்ட், அதாவது நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்வது, என்றால் வசனமும் போய்விடும். கழுத்தில் தொங்கவிட்டு, புழுதி வரும் காட்சியில் மட்டும் மேலே ஏற்றச் சொல்லுங்கள். ரெக்ஸின், ரப்பர் எதைப் போட்டாலும் உள்ளே பருத்தி லைனிங் கொடுத்து, முதுகுப் பக்கம் காற்று போக வழி விடுங்கள். மே மாத வெயிலில் மயங்கி விழுந்தவரை நான் பார்த்திருக்கிறேன். ஷாட் முடிந்ததும் சட்டென்று கழற்ற முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே உடையை எத்தனை செய்வது?

முக்கியமான ஆளுக்குக் குறைந்தது இரண்டு. சண்டையோ மழையோ ரத்தமோ இருந்தால் மூன்று, டூப் போடுகிறவருக்கு உள்ளே பேட் வைக்க ஒரு சைஸ் பெரிதாக. ஒன்றை முடித்துவிட்டு அதைப் பார்த்து அடுத்ததைச் செய்யாதீர்கள், இரண்டாவது வேறு மாதிரி வந்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் எல்லாச் சட்டைக்கும் சேர்த்தே செய்யுங்கள், முதலில் எல்லாவற்றுக்கும் டீ, பிறகு எல்லாவற்றுக்கும் பிளீச், இப்படி. கதை போகப் போக உடை இன்னும் கெட வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சட்டை, ஏனென்றால் படப்பிடிப்பு கதை வரிசையில் போகாது, நைந்த சட்டையை மறுநாள் காலையில் பழையபடி ஆக்க முடியாது.

தினமும் ஷாட் முடிந்ததும் முன்னால், பின்னால், இரண்டு பக்கம் என நான்கு போட்டோ. கைமடிப்பு எத்தனை சுற்று, எத்தனை பட்டன் திறந்திருக்கிறது, ஒட்டு எந்தப் பக்கம் என்று காட்சி எண்ணோடு எழுதி வையுங்கள்.

படப்பிடிப்பு முடிந்த அன்று யாராவது நல்ல மனசோடு எல்லாவற்றையும் வாஷிங் மெஷினில் போட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் நீங்கள் போய் வாங்கிவிடுங்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகு, விட்டுப்போன ஷாட்களை எடுக்கிற பேட்ச் ஒர்க்குக்குக் கூப்பிடுவார்கள், அப்போது அந்தச் சட்டையில் அதே புழுதி இருக்க வேண்டும். வெயிலில் ஒரு நாள் காயப்போட்டு, மடிப்புக்கு நடுவில் செய்தித்தாள் வைத்து, ஆள் பெயரும் காட்சி எண்ணும் எழுதிய துணிப்பையில் போட்டு, படம் முழுசாகக் கைக்கு வரும்வரை துவைக்காமல் வைத்திருங்கள்.